காட்டிற்கு எருவிடுவோர் யார்?

உழவன் தன் வயலுக்கு ஆண்டுதோறும் எருவிடுகிறான். கதிரும் வைக்கோலுமாக நிலத்திலிருந்து எடுத்ததை ஏதேனும் ஒரு வகையில் நிலத்திற்கே திருப்பிக் கொடுத்தாலன்றி அடுத்த போகம் விளையாது என்பது அவன் தன் தந்தையிடம் கற்ற பாடம். ஆனால் காட்டிற்கு எருவிடுவோர் யார்? பல நூறு ஆண்டுகளாக ஒரே இடத்தில் நிற்கின்ற மரங்களுக்கு எவரும் ஒரு கூடைச் சாணம் சுமந்து சென்று கொட்டியதில்லை; சாம்பல் தூவியதில்லை; ஆட்டுக்கிடை மறித்ததில்லை. இருந்தும் காடு தளர்வதில்லை.

இதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். காட்டில் உதிர்கின்ற இலைகள் எங்கே போகின்றன? அடர்ந்த காட்டில் ஓர் ஏக்கர் பரப்பில் ஓராண்டு உதிரும் சருகை உலர்த்தி நிறுத்தால், அது டன் கணக்கில் இருக்கும். நூறு ஆண்டுச் சருகும் விழுந்தபடியே கிடக்குமானால் மரங்கள் தம் இலைகளிலேயே புதைந்து நிற்க வேண்டும். அவ்வாறு நேரவில்லை.

இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. மரம் மண்ணிலிருந்து நைட்ரஜன், பாஸ்பரஸ், சுண்ணாம்பு முதலிய சத்துக்களை வேரால் உறிஞ்சி இலைக்கு அனுப்புகிறது. இலை உதிர்ந்து, சிதைந்து, அச்சத்துக்கள் மீண்டும் மண்ணை அடைகின்றன. வேர் மறுபடியும் அவற்றை எடுத்துக்கொள்கிறது. இச்சுழற்சி நிற்குமானால் காடும் நின்றுவிடும்.

"சருகு மட்கிப் போகிறது" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பள்ளித் தேர்வில் அவ்விடைக்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் யார் அதனை மட்கச் செய்கிறார்கள், எவ்வாறு செய்கிறார்கள் என்று அறிவதற்கு மனித குலத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அதன் கடைசி இயல் இன்னும் எழுதி முடியவில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் செல்போர்ன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் வாழ்ந்த கில்பர்ட் வொயிட் என்னும் பாதிரியார், தம்மைச் சுற்றியிருந்த பறவைகளையும் பூச்சிகளையும் செடிகொடிகளையும் நாள்தோறும் கவனித்து, நண்பர்களுக்குக் கடிதங்களாக எழுதினார். அக்கடிதங்கள் 1789ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. அவற்றுள் 1777ஆம் ஆண்டு மே மாதம் எழுதிய ஒரு கடிதத்தில் மண்புழுவைப் பற்றிக் கூறுகிறார். அக்காலத்து உழவரும் தோட்டக்காரரும் மண்புழுவைப் பகையாகக் கருதி வெறுத்தனர். வொயிட் பாதிரியாரோ, மண்ணைத் துளைத்து மழைநீரும் வேரும் உட்செல்ல வழிசெய்வதும், இலைகளையும் துரும்புகளையும் உள்ளே இழுத்துச் செல்வதும் மண்புழுவே என்றும், அஃது இல்லையேல் நிலம் இறுகிக் குளிர்ந்து மலடாகிவிடும் என்றும் எழுதினார். இயற்கையின் சங்கிலியில் அற்பமாகத் தோன்றும் கண்ணியை அகற்றினாலும் பெரிய இடைவெளி உண்டாகும் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் கூறியது நோக்கறிவு மட்டுமே, அளவறிவு அன்று. அளந்து காட்ட இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

அவரே சார்லஸ் டார்வின். பீகிள் என்னும் கப்பலில் உலகைச் சுற்றி 1836ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அவர் தாயகம் திரும்பினார். சிறிது காலத்திற்குப் பின், தம் மாமாவாகிய ஜோசையா வெட்ஜ்வுட்டின் மேர் என்னும் பண்ணைக்குச் சென்றார். அங்கே சில ஆண்டுகளுக்கு முன் புல்வெளியின் மீது பரப்பியிருந்த சுண்ணாம்பும் நிலக்கரிக் கசடும் மேற்பரப்பில் காணப்படவில்லை. சில அங்குலங்களுக்குக் கீழே ஒரு படலமாகக் கிடந்தன. அவற்றைப் புதைத்தவை மண்புழுக்களே என்று மாமா கருதினார். ஒவ்வொரு நாளும் புழுக்கள் கீழிருந்து மண்ணை விழுங்கி மேலே கொண்டுவந்து கழிக்கின்றன. அம்மண் மெல்ல மெல்லப் பரவி, மேலிருந்ததை மூடிவிடுகிறது என்பது அவர் தந்த விளக்கம். இக்கருத்தைச் சோதித்தறிந்த டார்வின், 1837ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் லண்டன் மண்ணியல் கழகத்தில் ஒரு கட்டுரையாகப் படித்தார். அப்போது அவருக்கு வயது 28.

எல்லோரும் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. 1869ஆம் ஆண்டு ஃபிஷ் என்னும் எழுத்தாளர் ஒரு தோட்டக்கலை இதழில் மறுப்பு எழுதினார். புழு மிகவும் சிறியது, வலுவற்றது. அதனால் இவ்வளவு பெரிய வேலை நடைபெறுமா என்பதே அவர் எழுப்பிய தடை. நாமும் அக்காலத்தில் இருந்திருந்தால் பெரும்பாலும் அவ்வாறே கேட்டிருப்போம்.

டார்வின் வாதாடவில்லை, காத்திருந்தார். டவுன் என்னும் ஊரில் தம் இல்லத்தின் அருகிலிருந்த ஒரு நிலத்தில் 1842ஆம் ஆண்டு சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பச் செய்தார். பின்னர் 29 ஆண்டுகள் கழித்து, 1871ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் அங்கே ஒரு பள்ளம் வெட்டச் செய்தார். பள்ளத்தின் இரு சுவர்களிலும் வெள்ளைக் கற்கள் ஒரே வரிசையாகத் தெரிந்தன. அவ்வரிசை மேற்பரப்பிலிருந்து 7 அங்குல ஆழத்தில் இருந்தது. ஆண்டுக்கு ஏறக்குறையக் கால் அங்குலம்! ஓர் ஆய்வின் விடைக்காக 29 ஆண்டுகள் காத்திருந்த பொறுமையை மாணவர்கள் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவை அனைத்தையும் தொகுத்து, 1881ஆம் ஆண்டு மண்புழுக்களைப் பற்றிய தம் நூலை அவர் வெளியிட்டார். அதுவே அவருடைய கடைசி நூல். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் மறைந்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஓராண்டில் 10 டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியாக மேலே வருகிறது என்று அந்நூலில் கணக்கிட்டார். அளவு பெரிதாகத் தோன்றுகிறதல்லவா? வகுத்துப் பாருங்கள். ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 240 கிராம் மண் வருகிறது. அதை 365 நாட்களுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு முக்கால் கிராமுக்கும் குறைவு. ஒரு சிட்டிகை மண் என்று சொல்லலாம். சிட்டிகை மண்ணை ஒரு புழுவால் தூக்க முடியாது என்று எவரும் சொல்லமாட்டார்கள். சிறிய செயல் இடைவிடாது நிகழ்ந்தால் அதன் தொகை எவ்வளவாகும் என்று கூட்டிப் பார்க்கத் தவறியதே மறுத்தவர்களின் குறை என்று டார்வின் அந்நூலில் சுட்டிக்காட்டினார்.

டார்வின் ஆராய்ந்தவை பெரும்பாலும் புல்வெளிகளும் தோட்டங்களுமே. காட்டின் மண்ணை அதே கண்ணோடு நோக்கியவர் டென்மார்க் நாட்டு வனத்துறை அறிஞர் பீட்டர் எராஸ்மஸ் முல்லர். அவர் காலத்தில் அந்நாட்டு வனக்காவலர்களுக்கு ஒரு கவலை இருந்தது. பீச் மரக் காடுகளில் சில இடங்களில் விதை விழுந்து கன்றுகள் செழித்து எழுந்தன. வேறு சில இடங்களில், அதே பீச் மரங்களின் நிழலில், கன்றுகள் நிலைபெறவில்லை. மரமும் ஒன்று, மழையும் ஒன்று. விளைவு மட்டும் வேறு. ஏன்?

முல்லர் மண்ணை வெட்டிப் பார்த்தார். செழித்த இடத்து மண் கறுத்து, பொலபொலவென்று, பருக்கை பருக்கையாக உதிர்ந்தது. சருகு எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட இயலாதபடி இரண்டும் கலந்திருந்தன. அங்கே மண்புழுக்கள் நிறைந்திருந்தன. அம்மண்ணுக்கு அவர் தம் நாட்டு மொழியில் 'முல்' என்று பெயரிட்டார். செழிக்காத இடத்திலோ, சருகு அடுக்கடுக்காகப் படிந்து, பூஞ்சையின் நுண்ணிய இழைகளால் பின்னப்பட்டுக் கம்பளம்போல் கிடந்தது. அதனைத் தனியே உரித்தெடுக்கலாம். அதன் அடியில், அமிலத்தால் சத்துக்கள் கழுவப்பட்டுச் சாம்பல் நிறமாகிப் போன மணல் இருந்தது. அங்கே மண்புழுக்கள் இல்லை. இம்மண்ணை 'மோர்' என்று அழைத்தார். நம் வீட்டு மோரோடு இதற்கு உறவில்லை. எனினும் இதுவும் புளிப்புடையதே ஆதலால், மாணவர்கள் பெயரை மறக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

1879ஆம் ஆண்டிலும் 1884ஆம் ஆண்டிலும் வெளியான முல்லரின் ஆராய்ச்சிகள் ஓர் அரிய உண்மையை நிலைநாட்டின. காட்டு மண் என்பது வெறும் கல்லும் தூளும் அன்று. அதனுள் வாழும் உயிர்களின் வேலையால் உருவாகும் ஒன்று. உயிர் மாறினால் மண் மாறும். மண் மாறினால் உயிரும் மாறும். புளித்த மண்ணில் மண்புழு தங்குவதில்லை; மண்புழு தங்காத இடத்தில் சருகு தேங்கி, மண் மேலும் புளிக்கிறது.

ஏறக்குறைய அதே காலத்தில், 1877ஆம் ஆண்டு, ஜெர்மனியில் விக்டர் ஹென்சன் இன்னொன்றைக் கண்டறிந்தார். மண்புழு துளைத்துவிட்டுச் சென்ற பழைய வளைகளின் வழியாகவே செடிகளின் வேர்கள் ஆழ்ந்த மண்ணுக்குள் இறங்கின. வளையின் சுவரில் பூசப்பட்டிருந்த புழுவின் எச்சம் வேர்களுக்கு உணவாயிற்று. கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களுக்குப் 'பிளாங்டன்' என்ற பெயரைப் பின்னாளில் சூட்டியவரும் இவரே. கடலின் சிற்றுயிரையும் மண்ணின் சிற்றுயிரையும் ஒருங்கே மதித்த கண் அவருடையது.

இதுகாறும் சொன்னவை குளிர்நாட்டுச் செய்திகள். நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் இடம் உண்டு. கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்த கிங் என்பவர், நீலகிரியில் ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் கிடந்த பெரிய மண்புழு எச்சக் கட்டிகளைத் திரட்டி டார்வினுக்கு அனுப்பினார். டார்வினின் நூலில் அச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. அந்நூல் வெளிவந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1891ஆம் ஆண்டு, பேராசிரியர் சுந்தரம் பிள்ளை மனோன்மணீயம் என்னும் நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்னும் பாத்திரம் நாங்கூழ்ப் புழுவை விளித்து, அதன் ஓயாத உழைப்பைப் போற்றுகிறான். நாங்கூழ் என்பது மண்புழுவுக்குரிய தமிழ்ப் பெயர். புகழ் வேண்டாது உழவர்க்கு உதவும் உயிராகப் புலவர் அதனைக் கண்டார்.

ஆயினும் நம் வறண்ட காடுகளில் மண்புழுவால் ஆண்டு முழுதும் உழைக்க இயலாது. நெடுங்கோடையில் அது செயலற்று ஒடுங்கிவிடுகிறது. அப்போது சருகையும் பட்டுப்போன மரத்தையும் சிதைக்கும் பணியில் பெரும்பங்கு கறையானுக்குரியது. அதனை முதன்முதலில் அறிவியல் நோக்கில் விரிவாக எழுதியவர்களுள் ஒருவர் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த கோனிக். இவர் லின்னேயஸ் என்னும் புகழ்பெற்ற தாவர அறிஞரின் மாணவர். தஞ்சைப் பகுதிக் கறையான்களை ஆராய்ந்து இவர் எழுதிய கட்டுரை 1779ஆம் ஆண்டு பெர்லினில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. புற்றுக்குள் பஞ்சுபோன்ற கூடுகளில் பூஞ்சை வளர்ந்திருப்பதை அவர் கண்டு குறித்தார். கறையான் மென்று தள்ளிய மரத்தூளையும் சருகையும் அப்பூஞ்சை சிதைக்கிறது. சிதைந்ததைக் கறையான் உண்கிறது. மழைக்குப் பின் புற்றிலிருந்து வெளிவரும் புற்றுக்காளானைப் பார்த்திருப்பீர்கள். கறையான் நிலத்தடியில் நடத்தும் தோட்டத்தின் பூவே அது என்று கொள்ளலாம். வீட்டுக் கதவை அரிப்பதனால் நாம் கறையானை வைகிறோம். காட்டிலோ, விழுந்த மரம் கிடந்த இடத்திலேயே மண்ணாவது அதனால்தான்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது, அறிஞர்களின் கவனம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் பக்கம் திரும்பியது. 1905ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு அந்தோனியோ பெர்லீஸ் ஓர் எளிய கருவியை அமைத்தார். புனலின் மேல் ஒரு சல்லடை; சல்லடையின் மேல் காட்டு மண். வெந்நீரால் புனலைச் சூடாக்கினால், வெப்பத்திற்கும் வறட்சிக்கும் அஞ்சிய சிற்றுயிர்கள் கீழ்நோக்கி நகர்ந்து, புனலின் வழியே குப்பிக்குள் விழும். 1918ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டு டல்கிரென் வெந்நீருக்குப் பதிலாக மின்விளக்கைப் பயன்படுத்தினார். இக்கருவிகள் காட்டிய உலகம் வியப்பளித்தது. வயிற்றின் அடியில் விசைபோன்ற வாலை மடித்து வைத்துத் துள்ளும் நுண்பூச்சிகள், உண்ணி இனத்தைச் சேர்ந்த சிற்றுண்ணிகள், மரவட்டையின் குஞ்சுகள் என ஒரு சதுர மீட்டர் காட்டு மண்ணில் பல்லாயிரம் உயிர்கள் இருந்தன. சில காடுகளில் அத்தொகை ஒரு லட்சத்தையும் கடந்தது.

டென்மார்க்கின் போர்ன்புஷ் 1930ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்வுயிர்களை எண்ணியதோடு நிறுத்தும் பார்த்தார். புளித்த மண்ணில் எண்ணிக்கை மிகுதி. ஆனால் எல்லாம் நுண்ணியவை. பொலபொலத்த மண்ணில் எண்ணிக்கை குறைவு. ஆனால் மண்புழுக்கள் இருந்தமையால் எடை மிகுதி. முல்லர் கண்ணால் கண்ட வேறுபாட்டிற்கு இவ்வாறு எண்ணும் எடையும் கிடைத்தன.

எனினும் ஓர் ஐயம் எஞ்சியிருந்தது. சருகைச் சிதைப்பவை பாக்டீரியாவும் பூஞ்சையுமே என்றால், புழுவும் பூச்சியும் இல்லாமலும் அவ்வேலை நடக்குமல்லவா? இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எட்வர்ட்ஸ், ஹீத் என்னும் இருவர் இதற்கு விடை கண்டு 1963ஆம் ஆண்டு வெளியிட்டனர். ஓக், பீச் ஆகிய மரங்களின் இலைகளை வில்லைகளாக வெட்டி, நைலான் வலைப் பைகளில் இட்டு, மண்ணில் புதைத்தனர். பைகளின் கண்கள் வெவ்வேறு அளவின. ஒரு வகையில் மண்புழுவும் நுழையலாம். அடுத்ததில் சிறு பூச்சிகள் மட்டும் நுழையலாம். மிக நுண்ணிய கண்ணுடைய பையில் பாக்டீரியாவும் பூஞ்சையும் அன்றி வேறு எதுவும் நுழைய இயலாது. சில மாதங்கள் கழித்துத் தோண்டியெடுத்தபோது, பெரிய கண் பையில் இலையின் பெரும்பகுதி மறைந்திருந்தது. நடுத்தரப் பையில் ஓரளவு குறைந்திருந்தது. மிக நுண்ணிய கண் பையிலோ இலை ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது.

இது ஏன் என்று விளக்குவது கடினமன்று. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனச் சதுரத்தின் புறப்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே ஒரு மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால், புறப்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர் ஆகிவிடும். மரவட்டையும் மண்புழுவும் இலையைக் கடித்து நொறுக்கும்போது இதுவே நிகழ்கிறது. நுண்ணுயிர்கள் பற்றிப் பெருகப் பத்து மடங்கு இடம் கிடைக்கிறது. இலையைச் சிதைக்கும் இரசாயன வேலையின் பெரும்பகுதி நுண்ணுயிர்களுடையதே. ஆனால் அவற்றுக்கு இலையை அரைத்துக் கொடுத்து, ஈரமண்ணோடு பிசைந்து தருபவை மண்ணின் சிற்றுயிர்கள்.

இன்னொரு பணியும் உண்டு. பாக்டீரியாவும் பூஞ்சையும் சருகிலிருந்து எடுத்த நைட்ரஜனைத் தம் உடலிலேயே வைத்துக்கொள்கின்றன. அதனை அவை வைத்திருக்கும்வரை மரத்திற்கு அது கிட்டாது. நூற்புழுக்களும் சிற்றுண்ணிகளும் துள்ளும் நுண்பூச்சிகளும் அந்நுண்ணுயிர்களை மேய்கின்றன. தமக்கு மிஞ்சிய நைட்ரஜனைக் கழிவாக வெளியேற்றுகின்றன. அக்கழிவே வேருக்கு உணவு. பசு புல்லை மேய்ந்து சாணமிடுவதுபோல், மண்ணுக்குள் ஒரு மேய்ச்சல் இரவுபகலாக நடைபெறுகிறது. காட்டிற்கு எருவிடுவோர் யார் என்ற வினாவிற்கு இதுவே விடை.

கதை இத்துடன் முடிந்திருந்தால், சிற்றுயிரின் பெருமை என்ற நல்ல பாடத்தோடு நாமும் எழுந்து போகலாம். ஆனால் வட அமெரிக்காவின் காடுகள் நம்மை இன்னும் சிறிது நேரம் இருக்கச் சொல்கின்றன.

கடைசிப் பனியூழியில் அக்கண்டத்தின் வடபகுதியைப் பெரும் பனிப்பாளம் மூடியிருந்தது. பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது உருகிப் பின்வாங்கியது. பனி நீங்கிய நிலத்தில் மரங்கள் திரும்பி வந்தன, மண்புழுக்கள் வரவில்லை. புழுவின் பயணம் மிகவும் மெதுவானது. ஆகவே பேரேரிகளைச் சுற்றியுள்ள மின்னசோட்டா, விஸ்கான்சின் முதலிய பகுதிகளில், மண்புழுவே இல்லாத காடுகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வளர்ந்தன. சருகு அங்கே பூஞ்சையாலும் நுண்பூச்சிகளாலும் மெதுவாகச் சிதைந்தது. தரையின் மீது மெத்தைபோல் ஓர் அடுக்கு திரண்டது. சர்க்கரை மேப்பிள் மரத்தின் கன்றுகளும், அரிய பெரணிகளும், வசந்தத்தில் பூக்கும் காட்டுச் செடிகளும் அம்மெத்தையிலேயே வேரூன்றப் பழகின.

ஐரோப்பியர் குடியேறியபோது, அவர்கள் கொண்டுவந்த செடிகளின் வேர்மண்ணிலும், கப்பலின் சமநிலைக்காக ஏற்றிய மண்ணிலும் ஐரோப்பிய மண்புழுக்கள் வந்திறங்கின. பின்னர் ஏரிகளில் தூண்டில் போடுவோர், எஞ்சிய இரைப்புழுக்களைக் கரையோரக் காட்டில் கொட்டிவிட்டுச் சென்றனர். அங்கிருந்து புழுக்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 10 மீட்டர் வரை காட்டுக்குள் முன்னேறுகின்றன. மின்னசோட்டாவின் சிப்பெவா தேசிய வனத்தில் சிண்டி ஹேல், லீ ஃபிரெலிச், பீட்டர் ரைக் ஆகியோர் இம்முன்னேற்றத்தை ஆராய்ந்து, 2005, 2006ஆம் ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டனர். புழுக்கள் எட்டாத பக்கத்தில் தடித்த சருகு மெத்தையும் செழித்த கன்றுகளும் செடிகளும் இருந்தன. புழுக்கள் புகுந்த பக்கத்தில் மெத்தை உண்ணப்பட்டு, கரிய மண் வெளியே தெரிந்தது. செடிகளின் வகையும் எண்ணிக்கையும் குறைந்திருந்தன. தரையில் சருகுக்கிடையே கூடு கட்டும் பறவைகளும் இத்தகைய இடங்களில் குறைந்து காணப்படுகின்றன என்று 2011ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு கூறியது.

டார்வின் போற்றிய அதே புழு, அதே வேலை. இலையை இழுக்கிறது, அரைக்கிறது, மண்ணோடு கலக்கிறது, சத்துக்களை விரைந்து விடுவிக்கிறது. ஐரோப்பாவில் அந்த விரைவுக்கு ஏற்ப வேரும் விதையும் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பழகியிருந்தன. அமெரிக்காவின் வடகாட்டிலோ, மெத்தையில் சிறுகச் சிறுகச் செலவாகி வந்த சேமிப்பு ஒரே வீச்சில் அவிழ்க்கப்படுகிறது. கன்றின் வேர் எடுத்துக்கொள்வதற்கு முன்பே அதில் ஒரு பகுதி மழைநீரோடு கீழிறங்கிப் போய்விடுகிறது. வேரோடு கூடி வாழும் பூஞ்சையின் இழைகளும் அறுபடுகின்றன. மாத வருவாயில் வாழும் குடும்பத்திற்கு ஆண்டுப் பணம் முழுவதையும் ஒரே நாளில் கொடுத்தால் என்னவாகும்? தொகை ஒன்றுதான், ஆண்டிறுதியில் அடுப்பு எரியாது.

வட அமெரிக்காவில் இதுவரை குறைந்தது 70 அயல் மண்புழு இனங்கள் குடியேறியுள்ளன என்று 2024ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பரந்த காட்டில் ஒருமுறை பரவிவிட்ட புழுவை முற்றும் அகற்றும் வழி எவருக்கும் தெரியவில்லை. ஆகவே, எஞ்சிய தூண்டிற் புழுக்களைக் காட்டில் கொட்டாதீர்கள் என்று அங்குள்ள ஆய்வாளர்கள் மக்களை வேண்டிக்கொள்கின்றனர். இதையே கடைசி இயல் இன்னும் எழுதி முடியவில்லை என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேன்.

"மண்புழு உழவனின் நண்பன்" என்ற வாக்கியத்தைப் பல தலைமுறை மாணவர்கள் என்னிடம் ஒப்புவித்திருக்கிறார்கள். அவ்வாக்கியம் உண்மையே. ஆனால் அஃது உழவனைப் பற்றிய வாக்கியம் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். எல்லாக் காட்டிற்கும் அது பொருந்தாது. ஓர் உயிர் நல்லதா தீயதா என்று கேட்பதற்கு முன், எந்த இடத்தில், எந்த உயிர்களோடு, எவ்வளவு காலமாக என்று கேட்க வேண்டும். மண்புழு உரம் செய்வதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புழுவினமும் இன்று நம் ஊர்களில் வளர்க்கப்படுகிறது. உரக்குழியில் அது நமக்கு உதவுகிறது. குழியிலிருந்து எடுத்து மலைக்காட்டில் விடலாமா என்று எவரேனும் கேட்டால், மின்னசோட்டாவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இவ்வரலாற்றில் வந்தவர்கள் எவரிடமும் விலையுயர்ந்த கருவிகள் இருக்கவில்லை. ஒருவரிடம் சுண்ணக்கல்லும் மண்வெட்டியும், ஒருவரிடம் புனலும் வெந்நீரும், வேறிருவரிடம் வலைத்துணி. உங்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் ஒரு வேம்போ புங்கமோ நிற்கும். அதன் உதிர்ந்த இலைகளைச் சம எடையாக இரு பங்காக்கி, ஒரு பங்கைக் கொசுவலைத் துணியிலும், மற்றொரு பங்கை அகன்ற கண்ணுள்ள மீன்வலைத் துண்டிலும் முடிந்து, மழைக்காலத் தொடக்கத்தில் அந்த மரத்தடி மண்ணிலேயே புதையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்து, மண்ணை உதறி, உலர்த்தி நிறுத்துப் பாருங்கள். எடையைக் குறித்து, நாளையும் இடத்தையும் மரத்தின் பெயரையும் அதன் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அக்குறிப்பிலிருந்து தொடங்கட்டும்.